சொன்னவர்: பெயர் தெரியவில்லை

பாக்கியம் அக்கா காலமான செய்தி எனக்குப் பத்துக் கை மாறி வந்தது. செவ்வாய்க்கிழமை காலை, நீதிமன்றக் கேண்டீனில் டீயை வாங்கிக்கொண்டு கைபேசியைப் பார்த்தேன். "கோச்சடை பாக்யம்மாள் இயற்கை எய்தினார், இன்று மாலை நல்லடக்கம்" என்று இருந்தது. மேலே, பலமுறை பகிரப்பட்டது என்ற குறிப்பு. முதலில் எழுதியவர் யாரென்று இல்லை. பெயர் தப்பு. அடக்கம் என்பதும் தப்பு, தகனம்தான். அக்கா பார்த்திருந்தால், "செத்ததக்கூட ஒரு ஆளு பொறுப்பெடுத்து எழுத மாட்டாய்ங்க போல" என்றிருப்பார். அன்றைக்கு எனக்கு இரண்டு வழக்குகள். இரண்டுக்கும் ஜூனியரை வாய்தா வாங்கச் சொல்லிவிட்டுக் கோச்சடைக்குக் கிளம்பினேன்.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். பாக்கியம் அக்கா மதுரைக் கோச்சடையில் பிறந்து, அங்கேயே வாழ்ந்து, எழுபத்தாறாவது வயதில் அங்கேயே மறைந்தவர். வெளியூருக்குப் பேச டிரங்க் கால் பதிவு செய்துவிட்டுக் காத்துக் கிடந்த காலத்தில், தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக வேலை பார்த்தார். ஓய்வு பெற்றபின் ஒரே ஒரு புத்தகம் எழுதினார். "எழுதுனேன்னு சொல்லாதீங்க தம்பி, கேட்டு எழுதுனேன்னு சொல்லுங்க" என்று திருத்துவார். மதுரைச் சுற்றுவட்டாரத்துச் சொலவடைகளின் தொகுப்பு அது. தலைப்பு 'சொன்னவர் பேரோடு'. நான் அவருடைய வக்கீல். அவர் போட்ட ஒரே வழக்கை நேற்றுவரை நடத்தியவன், ஜெயிக்காதவன்.

பழமொழிப் புத்தகங்கள் கடைகளில் கொட்டிக் கிடக்கின்றன. அக்காவின் புத்தகத்துக்கு ஒரு தனி வழக்கம் உண்டு. ஒவ்வொரு சொலவடைக்கும் கீழே மூன்று வரி இருக்கும்: சொன்னவர், ஊர், சந்தர்ப்பம். பழமொழிக்கு ஏது சொன்னவர், அது ஊர்ச் சொத்து அல்லவா என்று நான் முதல் நாளே கேட்டுவிட்டேன். அதற்கு அவர் ஒரு வெற்றிலை வியாபாரியின் கதையைச் சொன்னார்.

சோழவந்தான்காரர் அந்த வியாபாரி. டிரங்க் காலில் சென்னைத் தரகரோடு சண்டை. லைன் சரியாக இருக்கிறதா என்று ஆபரேட்டர் இடையில் கேட்டுப் பார்ப்பது வழக்கம். அக்கா கேட்ட நேரத்தில் வியாபாரி, "ஆடு நனையுதுன்னு ஓநாய் அழுதுச்சாம், ஆட்டுக்காரன் ஓநாய்க்குக் கொட பிடிச்சானாம். நான்தேன் அந்த ஆட்டுக்காரன்" என்று கத்திக்கொண்டிருந்தாராம். முன்பாதி ஊருக்கே தெரியும். அந்தக் குடையை அக்கா அதுவரை கேட்டதில்லை. அழைப்பு முடிந்ததும் குறுக்கே புகுந்து, "அண்ணே, அந்தக் கொட கதைய நான் எழுதிக்கிறட்டுமா? ஒங்க பேரு என்ன?" என்று கேட்டார். "அதுக்கும் சேத்து பில்லு போடுவீகளாம்மா?" என்றாராம் வியாபாரி. அந்தக் குடை அவர் மண்டையில் உதித்தது. அதனால் அவர் பெயர். அவ்வளவுதான் அக்காவின் நியாயம்.

அடுத்தவர் பேச்சை ஒட்டுக்கேட்டது விதிமீறல் இல்லையா என்று கேட்டேன். வக்கீல் புத்தி எங்கே போகும்? "தப்புத்தேன். அதேன் கேட்டதோட நிறுத்தாம பேரையும் கேட்டேன்" என்றார். புத்தகம் வந்தபோது அந்த வியாபாரி உயிரோடு இருந்தார். ஒரு கட்டு வெற்றிலையோடு கோச்சடைக்கு வந்து, தன் பெயர் அச்சாகியிருந்த பக்கத்தைப் பேரனை வாசிக்கச் சொல்லி இரண்டு தடவை கேட்டுவிட்டுப் போனார். விருது வாங்கியிருந்தால்கூட அக்காவுக்கு அவ்வளவு சந்தோஷம் இருந்திருக்காது.

புத்தகம் வெளிவந்த சில மாதங்களுக்குள் யாரோ ஒரு புண்ணியவான் அதை ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக்கிக் கைபேசிக் குழுக்களில் விட்டுவிட்டார். அதைப் பார்த்து இன்னொருவர் சுத்தமாகத் தட்டச்சு செய்தார். செய்தவர் மூன்று வரிகளையும் வெட்டிவிட்டார். இடத்தை அடைக்கிறதாம். அட்டையிலிருந்த அக்காவின் பெயரும் போயிற்று. புகார் கொடுத்தால் ஒரு இணைப்பை நீக்குவார்கள், சாயங்காலத்துக்குள் வேறு பெயரில் இரண்டு முளைக்கும். எலி வளையில் ஒரு வாயை அடைத்தால் அது இன்னொரு வாய் வழியாக எட்டிப் பார்ப்பதைப் போலத்தான்.

அந்தச் சமயத்தில்தான் கே.கே. நகரில் இருக்கும் என் அலுவலகத்துக்கு அக்கா வந்தார். கையில் நான்கு பக்க மனு. "தப்பு இருந்தா மட்டும் திருத்துங்க. கோவத்தைக் கொறைக்காதீங்க" என்றார். படித்துப் பார்த்தேன். திருத்த அதிகமில்லை. ஒருவர் எழுதியதிலிருந்து பெயரை வெட்டுவதைத் தனிக் குற்றமாகச் சட்டம் சொல்ல வேண்டும். நீக்கச் சொன்ன பிரதி மறுபடி முளைக்காமல் பார்த்துக்கொள்வது அதை ஏற்றி வைத்திருக்கும் நிறுவனத்தின் பொறுப்பாக வேண்டும். சிறிய எழுத்தாளர்கள் வக்கீல் இல்லாமலே போய்ச் சொல்ல மாவட்டத்துக்கு ஓர் இடம் வேண்டும். கடைசிக் கோரிக்கை என் வயிற்றில் அடிப்பது என்று சொன்னேன். "ஒங்களுக்கென்ன தம்பி, நிலத்தகராறு இருக்கு" என்றார்.

மனுவை முதலில் ஒரு சட்டமன்ற உறுப்பினரிடம் கொண்டுபோனோம். எந்தத் தொகுதி, எந்தக் கட்சி என்று சொல்லப்போவதில்லை. கட்சியை அவரே பிறகு மாற்றிக்கொண்டார். மனுவை வாங்கி, "சினிமாவாம்மா?" என்று கேட்டார். புத்தகம் என்றதும் முகத்தில் ஒரு சின்ன ஏமாற்றம். "இப்பிடி ஒரு சட்டம் இருக்குறதே இப்பத்தேன் தெரியுது. டெல்லி சமாச்சாரம். நம்மளும் ஒரு கடுதாசி எழுதிருவோம்" என்றார். அவருடைய உதவியாளர் மனுவின் தலையில் சிவப்பு மையில் 'திருட்டு, நடவடிக்கைக்கு' என்று எழுதிவிட்டார். மனு டெல்லிக்குப் போகாமல் காவல் நிலையத்துக்குப் போய்விட்டது. இரண்டு வாரம் கழித்து ஒரு ஏட்டு அக்கா வீட்டுக்கு வந்து, "களவு போன பொருள் என்னம்மா?" என்று கேட்டார்.

"சொலவடைங்கய்யா" என்றார் அக்கா.

ஏட்டு நோட்டில் எழுதிக்கொண்டு நிமிர்ந்தார். "எத்தன பவுனும்மா?"

இதைச் சொல்லி அக்கா பல நாள் சிரித்திருக்கிறார். ஆனால் அன்று அந்த ஏட்டு மட்டும்தான் முழு மனுவையும் உட்கார்ந்து படித்தார் என்பதையும் மறக்காமல் சொல்வார். அதன்பிறகு ஒவ்வொரு தேர்தல் முடிந்ததும் புதிதாக ஜெயித்தவர்களுக்கெல்லாம் அதே மனு போகும். உறையில் முகவரி மட்டும் மாறும். எல்லாம் கிணற்றில் போட்ட கல். பதில் எழுதிய ஒருவர், அக்காவின் சமூகப் பணி தொடர வாழ்த்தியிருந்தார். "சினிமாக்காரகளுக்கு ஒண்ணுன்னா மேடை போட்டுப் பேசுறாக. நம்ம சொலவடைக்கு எவன் மைக்கைப் பிடிப்பான்?" என்று அக்கா கேட்டார். மேடை போட்டுப் பேசி அவர்களுக்கும் என்ன கிடைத்தது என்பது வேறு விஷயம்.

இரண்டாம் பதிப்புக்கு வேலை நடந்தபோது நான் ஒரு யோசனை சொன்னேன். இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததற்குக் காரணமே அந்த யோசனைதான். வரைபடம் போடுகிறவர்கள் இல்லாத ஒரு தெருவை வரைந்து வைப்பார்களாம். அந்தத் தெரு இன்னொருவன் படத்தில் இருந்தால் அவன் காப்பியடித்தவன். அதேபோல நீங்களே ஒரு சொலவடையைக் கட்டி உள்ளே வையுங்கள், திருடுகிறவன் அதையும் சேர்த்து அள்ளுவான், மாட்டிக்கொள்வான் என்றேன். அக்காவுக்கு இஷ்டமில்லை. "நான் எதையும் கட்டுனதில்லையே தம்பி" என்று தயங்கினார்.

அப்போது அவருடைய கைபேசி அடித்தது. மதியம், என் அலுவலகம், நாங்கள் இருவர் மட்டும். காது சற்று மந்தமாகிவிட்டதால் எப்போதும் ஒலிபெருக்கியில் போட்டுத்தான் பேசுவார். அழைத்தவர் ஒரு வாசகர். "அம்மா, ஒங்க புத்தகம் பிரமாதம். எவரோ பேரை வெட்டிட்டாய்ங்க, விசாரிச்சு ஒங்க நம்பரப் பிடிச்சேன். எங்க குரூப்புல நான்தான் எல்லாருக்கும் பிடிஎஃப் அனுப்பிவிட்டேன். ரெண்டாம் பாகம் எப்ப வரும்?" என்றார். உண்மையான அன்போடுதான் கேட்டார். அக்கா நன்றி சொல்லி வைத்தார். கைபேசியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்:

"கூவுற வரைக்கும் சேவல், விடிஞ்சா கொழம்பு."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. "இதுதான்க்கா, இதையே வைங்க" என்றேன். சரி என்றார். ஆனால் கீழே சொன்னவர் என்று தன் பெயரைப் போடப் பார்த்தார். உங்கள் பெயரைப் பார்த்தால் திருடன் உஷாராகிவிடுவான், வேறு யார் பெயராவது போடுங்கள் என்றேன். பொய்ப் பெயர் போடவே மாட்டேன் என்றார். கடைசியில் நானே பேனாவை வாங்கி, 'சொன்னவர்: பெயர் தெரியவில்லை. ஊர்: கோச்சடை' என்று எழுதினேன். சந்தர்ப்பம் என்ற வரியைக் காலியாக விட்டேன். அந்தப் புத்தகம் முழுக்கப் பெயர் தெரியாதவர் சொன்ன சொலவடை அது ஒன்றுதான். ரொம்பக் கெட்டிக்காரத்தனம் செய்துவிட்டதாக எனக்கு நினைப்பு.

பொறியில் எலி விழுந்தது. விழுந்தவர் அதே சட்டமன்ற உறுப்பினர். தன் பிறந்தநாளுக்கு, 'நம் முன்னோர் மொழி' என்று அட்டையில் தன் படத்தைப் போட்டு ஒரு பழமொழிப் புத்தகம் அடித்து ஒரு கல்யாண மண்டபத்தில் இலவசமாகக் கொடுத்தார். இரண்டாம் பதிப்பும் அதற்குள் பிடிஎஃப் ஆகியிருந்தது, கட்சிக்காரர் எவரோ அதை அச்சகத்தில் கொடுத்திருக்கிறார். இதில் பெரிய வேடிக்கை, பழமொழி சேகரிக்கும் அம்மா ஒருவர் கோச்சடையில் இருக்கிறார் என்று யாரோ சொல்லி, அக்காவைக் கூப்பிட்டுப் பொன்னாடையும் போர்த்தினார்கள். மேடையிலேயே அவருடைய புத்தகத்தை அவருக்கே பரிசாகவும் கொடுத்தார்கள்.

நான் நான்காவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அக்கா நிதானமாகக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கங்களைப் புரட்டினார். கானா, கூனா என்று விரல் வைத்துத் தேடியதை என் இடத்திலிருந்தே பார்க்க முடிந்தது. கண்டுபிடித்துவிட்டார். மைக்கை வாங்கி அந்தச் சேவலை உரக்க வாசித்தார். மண்டபம் சிரித்து அடங்கியது. "அய்யா, இது எங்கன கேட்டீக?" என்றார் உறுப்பினரிடம்.

"இதுவா? நான் கைப்பிள்ளையா இருந்தப்ப இருந்து எங்க அப்பாரு சொல்லக் கேட்டதும்மா" என்றார் அவர். நல்ல கைதட்டல்.

வெளியே வந்து, செருப்பைத் தேடிக்கொண்டே, "மாட்டிக்கிட்டாக தம்பி" என்றார் அக்கா. அவர் அவ்வளவு உற்சாகமாக இருந்து அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

வழக்குப் போட்டோம். தொகுப்புக்கும் சட்டத்தில் உரிமை உண்டு. ஆனால் எதிர்த்தரப்பு வரிசையை மாற்றி, வேறு பழமொழிகளையும் கலந்திருந்தது. நாங்களும் ஊர் ஊராகக் கேட்டுத் தொகுத்ததுதான் என்று சாதித்தார்கள். அக்காவின் புத்தகத்திலிருந்துதான் எடுத்தார்கள் என்று காட்ட என்னிடம் இருந்தது அந்தச் சேவல் ஒன்றுதான். விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் அக்காவின் புத்தகத்தையே திறந்து வாசித்தார். "சொன்னவர், பெயர் தெரியவில்லை. ஊர், கோச்சடை. இது வாதியே அச்சடித்தது. கோச்சடையில் யாரோ சொன்னது வாதியின் காதில் விழலாம் என்றால், என் கட்சிக்காரருடைய அப்பாவின் காதிலும் விழுந்திருக்கலாமே" என்றார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

நீதிபதி என்னைப் பார்த்தார். "வாதியே இதை முதன்முதலில் சொன்னார் என்பதற்குச் சாட்சி இருக்கிறதா?"

இருந்தது. அந்த மதியம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன், 'பெயர் தெரியவில்லை' என்று எழுதியவன், நான்தான். ஒரு வழக்கில் வாதாடுகிற வக்கீலே சாட்சிக் கூண்டில் ஏற முடியாது. அவகாசம் கேட்டேன். புத்தகத்துக்கு இடைக்காலத் தடை கிடைக்கவில்லை. அது இன்னும் விநியோகத்தில் இருக்கிறது.

அன்று வராந்தாவில் அக்கா கேட்டார். "நான் சொன்னத நீங்கதான தம்பி கேட்டீங்க? நீங்க கூண்டுல ஏறிச் சொல்லிருங்க." விதியை விளக்கினேன். "அம்புட்டுத்தானே? நான் வேற வக்கீல வச்சுக்கிறேன், நீங்க சாட்சிக்கு வாங்க" என்றார். டெலிபோன் இணைப்பு மாற்றிக் கொடுக்கிற மாதிரி அவ்வளவு சுலபமாகச் சொன்னார். அதுதான் சரியான வழியும்கூட. "பாப்போம்க்கா" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. பதிப்புரிமை வழக்கு என் போன்ற நிலத்தகராறு வக்கீலுக்குக் கிடைப்பது அபூர்வம். அரசியல்வாதி எதிரி வேறு. ஜெயித்தால் மதுரை பூராவும் என் பெயர் தெரியும் என்று கணக்குப் போட்டேன். கூண்டில் ஏறினால், பெயரை மறைத்த யோசனை யாருடையது என்ற கேள்வியும் வரும். தன் பெயருக்காக வழக்குப் போட்டவருடைய வக்கீல், தன் பெயருக்காக அந்த வழக்கைப் பிடித்து வைத்திருந்தான். அக்கா ஒவ்வொரு வாய்தாவுக்கும் பஸ் பிடித்து வருவார், "சாட்சி எப்ப தம்பி?" என்று கேட்பார். அடுத்த வாய்தாவில் என்று நானும் சொல்வேன். அவரும் தலையாட்டிவிட்டுப் போவார். மனு வாங்கிய அரசியல்வாதிகளைப் பற்றி நாங்கள் இருவரும் பேசாத பேச்சில்லை. நானும் அவர்களைப் போலவேதான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

போன மாதம் அவருக்கு உடம்பு முடியவில்லை என்று கேள்விப்பட்டு வீட்டுக்குப் போனேன். மகள் செல்வி காப்பி கொடுத்தார். அக்கா கட்டிலில் சாய்ந்திருந்தார். நலம் விசாரித்து முடிப்பதற்குள், "வக்கீல் தம்பி, நான் சொன்னத நீங்க காதால கேட்டீங்களா, இல்லையா?" என்றார்.

"கேட்டேன்க்கா."

"அத எங்கிட்டச் சொல்லி என்ன பிரயோசனம்?"

நான் காப்பியைக் குடித்துவிட்டு எழுந்தேன். வாசல் வரை வந்த செல்வி, "கோவமா இருக்காங்கண்ணே" என்றார். எனக்குத் தெரியும். அந்தக் கோபம் தணிந்துதான் போனார் என்று நான் யாருக்கும் சொல்லப்போவதில்லை. தணியவில்லை.

செவ்வாய்க்கிழமை நான் போய்ச் சேர்ந்தபோது வீட்டு வாசலில் பந்தல் போட்டு நாற்காலிகள் பரப்பியிருந்தார்கள். பழைய ஆபரேட்டர்கள் ஐந்தாறு பேர் ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள். மூன்று மணிவாக்கில் மாலையோடு அந்த முன்னாள் உறுப்பினர் வந்தார். எதிர்க்கட்சிக்காரர் வீட்டு இழவுக்கே போகிறவர்கள், எதிர்த்து வழக்குப் போட்டவர் வீட்டுக்கு வரமாட்டார்களா? நேர்மையாகச் சொன்னால், அப்படி ஒரு வழக்கு இருப்பதே அவருக்கு ஞாபகம் இருந்ததாகத் தெரியவில்லை. மாலையை வைத்துக் கும்பிட்டார். என் பக்கத்தில் வந்து நின்று, அக்காவின் முகத்தைப் பார்த்தபடி பெருமூச்சு விட்டார்.

"அம்புட்டுத்தேன் வக்கீல் சார் மனுசப் பொழப்பு. கூவுற வரைக்கும் சேவல், விடிஞ்சா கொழம்பு. பெரியவங்க சும்மாவா சொன்னாங்க."

துக்கம் கொஞ்சம், வெட்கம் நிறைய. "அதச் சொன்ன பெரியவங்க இந்தா படுத்திருக்காங்கய்யா. நான் பக்கத்துல இருந்து கேட்டேன்" என்றேன். உரக்கத்தான் சொன்னேன். பழைய ஆபரேட்டர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் என்னையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார். "இவுகளா? எங்க அப்பாருல்ல சொல்லுவாரு" என்று முணுமுணுத்துவிட்டுத் துண்டைச் சரிசெய்துகொண்டு காருக்குப் போனார். அவர் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. தன் அப்பா சொன்னதாகவே அவர் இப்போது நம்புகிறார்.

வாதி இறந்துவிட்டால் வாரிசை வழக்கில் சேர்க்க மனுப் போட வேண்டும். செல்வி கையெழுத்துப் போட்டுவிட்டார். அந்த மனுவைத் தாக்கல் செய்யப்போவது நான் இல்லை. வழக்குக் கட்டு முழுவதையும் நேற்று வேறொரு வக்கீலிடம் ஒப்படைத்துவிட்டேன். சாட்சிப் பட்டியலில் முதல் பெயர் என்னுடையது. பெயரை மறைத்தது யார் என்று கேட்பார்கள், சொல்வேன். நான் சொன்னதற்காகச் சட்டம் மாறிவிடாது. தீர்ப்பு எப்படி வரும் என்றும் தெரியாது. அக்கா ஒவ்வொரு வாய்தாவிலும் கேட்ட ஒன்றை, அவர் காதில் விழாத காலத்தில் செய்கிறேன். இந்த வருத்தம் எனக்குப் போகாது.

கூண்டுக்கு அழைக்கும்வரை காத்திருக்க இப்போது பொறுமை இல்லை. இரண்டாம் பதிப்பு வைத்திருப்பவர்கள் கூனா வரிசையைத் திறந்து, நான் எழுதிய வரிகளை அடித்துவிட்டு, அக்காவின் வழக்கப்படி இப்படித் திருத்திக்கொள்ளுங்கள். போய் வாருங்கள் அக்கா.

கூவுற வரைக்கும் சேவல், விடிஞ்சா கொழம்பு.
சொன்னவர்: பாக்கியம்.
ஊர்: கோச்சடை.
சந்தர்ப்பம்: திருட்டுப் பிரதியைப் படித்த ஒருவர் அவரைப் போனில் பாராட்டிய மதியம். பக்கத்தில் இருந்து கேட்டவன் நான்.